கம்பளி வாங்க ஆள் தேவை

முப்பத்திரண்டு குழந்தைகள் ஆளுக்கொரு கம்பளியோடு வந்து சேர்ந்துவிட்டார்கள். வாங்கிக்கொள்ளத்தான் ஆளைக் காணோம்.

கிசலய் சங்கத்தின் செயலாளர் பரிமல் நந்தி, பந்தலில் போட்டிருந்த நாற்காலிகளை மூன்றாவது தடவையாக எண்ணினார். பதினொரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எத்தனை தடவை எண்ணினாலும் பதினொன்று பன்னிரண்டாகவில்லை.

"டோக்கன் முப்பத்தஞ்சு பேருக்குக் குடுத்தோமே, மத்தவங்க எங்க?" என்று மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு கேட்டார் தலைவர் ஹால்தார் பாபு. ரிட்டையரான ஹெட்மாஸ்டர். மைக்கைப் பொத்தினாலும் அவர் குரல் மூன்றாவது தெருவில் கேட்கும்.

"வந்துடுவாங்க சார். ஞாயித்துக்கிழமை பாருங்க, மெதுவாத்தான் எழுந்திருப்பாங்க."

"ஏழைங்களுக்கு ஏதுய்யா ஞாயித்துக்கிழமை?"

பரிமல் மறுபடியும் நாற்காலிகளை எண்ணப் போனார்.

தென் கொல்கத்தாவில் துர்கா பூஜை நடத்துகிற சங்கமெல்லாம் குளிர்காலத்தில் கம்பளி கொடுக்கும். பெரிய மனிதர்கள் கொடுப்பார்கள், போட்டோ எடுப்பார்கள், கலைவார்கள். இந்த வருஷம் ஹால்தார் பாபுவுக்கு ஒரு யோசனை உதித்தது. "குடுக்கற பழக்கம் சின்ன வயசுலயே வரணும். ஒரு குழந்தை, ஒரு கம்பளி, ஒரு ஆள். தன் சேமிப்புல வாங்கி, தன் கையால குடுக்கணும்" என்று அறிவித்துவிட்டார். வீடு வீடாகப் போய்க் குடும்பங்களை இணங்கவைத்தது பரிமல்தான். அவருக்கு அந்த யோசனை மனதாரப் பிடித்திருந்தது.

அவர் மகள் புட்கிக்கு எட்டு வயது. பூஜை முடிந்த நாளிலிருந்து அவள் பானிபூரி விற்கிற புச்கா வண்டிப் பக்கமே திரும்பவில்லை. கொல்கத்தாக் குழந்தை ஒன்று இரண்டு மாதம் புச்கா தின்னாமல் இருப்பது முனிவர்கள் செய்யும் தவத்துக்குச் சமம். அப்படி மிச்சம் பிடித்து வாங்கிய நீலக் கம்பளியில் ஒரு யானைப் படத்தை ஊக்கால் குத்தி வைத்திருந்தாள். ஒரு வாரமாக வீட்டில் தலையணையை நாற்காலியில் உட்கார்த்தி, அதற்குக் கொடுத்துக் கொடுத்துப் பழகினாள்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. சங்கத்தில் எது கொடுத்தாலும் செயலாளர் வீட்டு முறை கடைசியில்தான் வரும். பிரசாதமானாலும் சரி, பரிசானாலும் சரி. ஆள் ஒன்று குறைந்தால்கூட அது புட்கியின் தலையில்தான் விடியும்.

"அப்பா, எனக்கு வர்ற தாத்தா வந்துட்டாரா?" என்று கம்பளியை மார்போடு அணைத்துக்கொண்டு கேட்டாள் புட்கி.

"வந்துட்டே இருக்காரும்மா."

பந்தல் வாசலில் ரிக்‌ஷாவை நிறுத்திவிட்டுப் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்த ஜக்தேவ் சிரித்தான். அந்த ஊரில் அண்ணனுக்குப் பேர் தாதா. "எங்க வருவாங்க, பரிமல் தாதா? ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கத்துச் சங்கத்துல இன்னிக்குக் கம்பளியோட மட்டன் சோறாம். மட்டனை விட்டுட்டு உங்க கம்பளியையா கடிப்பாங்க?"

பரிமலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆள் பிடிக்க மட்டன் போடுகிறவர்களும் ஒரு சங்கமா? அந்தச் சங்கத்துச் செயலாளரை அவர் பார்த்ததுகூட இல்லை. பார்க்காமலே மனதுக்குள் நாலு வார்த்தை நன்றாகத் திட்டினார்.

பிறகு மைக்கை வாங்கினார். "கம்பளி விழாவுக்கு வந்து அமர்பவர்களுக்குச் சூடான லூச்சிப் பூரியும் உருளைக்கிழங்குக் குருமாவும் வழங்கப்படும்!"

பத்தே நிமிஷத்தில் நாற்காலிகள் நிரம்பிவிட்டன. பரிமல் சந்தோஷமாகத் திரும்பிப் பார்த்தார். முதல் வரிசையில் ரிட்டையரான பேங்க் மேனேஜர் கோஷால், காஷ்மீர் சால்வையைப் போர்த்திக்கொண்டு கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். பின்னால் அவருடைய காலை நடைக் கோஷ்டி மொத்தமும்.

"கோஷால் பாபு, இது கம்பளி வாங்கறவங்களுக்கு..."

"கம்பளி எனக்கு வேண்டாம். தாராளமா வேற யாருக்காவது குடுங்க. லூச்சி எப்ப வரும்?"

அந்தக் கோஷ்டி இடித்து நெருக்கியதில், டோக்கனோடு வந்தவர்களில் இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள். பதினொன்று ஒன்பதாயிற்று.

பரிமல் ரிக்‌ஷா ஸ்டாண்டுக்கு ஓடினார். ஜக்தேவும் பின்னாலேயே வந்தான்.

"ஜக்தேவ், நீயும் உன் ஆளுங்களும் வந்து வாங்கிக்கங்கப்பா."

"எங்கிட்ட நாலு கம்பளி கிடக்கு தாதா. வருஷா வருஷம் எல்லாரும் கம்பளியே குடுக்கறீங்க. அஞ்சாவதைக் கொண்டுபோனா என் பொண்டாட்டி அதையே எனக்குப் போத்தி வெளிய படுக்க வெச்சுடுவா. கொசுவலை ஒண்ணு இல்லாம புள்ளைங்க ராப்பூரா சொறிஞ்சுக்கிட்டுக் கிடக்குதுங்க. அதை ஒருத்தராவது கேட்டீங்களா?"

பரிமல் கேட்கவில்லைதான். முப்பத்திரண்டு வீட்டில் கம்பளி கேட்டவர் இந்த ஒரு கேள்வியை யாரிடமும் கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது.

"தப்புதான்ப்பா. அடுத்த தடவை உன்னைக் கேட்டுட்டுத்தான் எதுவும் வாங்குவோம். இன்னிக்கு என் பொண்ணுக்காக வா."

"உங்க மூஞ்சிக்காக வர்றோம். ஆனா கம்பளியைச் சாயங்காலம் உங்க வீட்டுத் திண்ணையில போட்டுடுவோம், சொல்லிட்டேன்."

ஆறு பேர் வந்து, கூடுதலாகப் போட்ட நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். ஒன்பது பதினைந்தாயிற்று. ஆனால் ஸ்டாண்டில் ஒரு ரிக்‌ஷாவுக்கும் ஆள் இல்லாததால், மிட்டாய்க் கடையிலிருந்து லூச்சி வந்து சேரவில்லை. கோஷால் கோஷ்டி நாற்காலியைத் தட்ட ஆரம்பித்தது. கடைசியில் பரிமலே நடந்துபோய் லூச்சிக் கூடையைத் தலையிலும் குருமாப் பாத்திரத்தை இடுப்பிலும் தூக்கிவந்தார். வழியில் செருப்பு வார் அறுந்தது. குருமாவில் பாதி அவருடைய வெள்ளை ஜிப்பாவில் இறங்கியது.

அதற்குள் ஹால்தார் பாபு விழாவைத் தொடங்கிவிட்டார். ஒவ்வொரு குழந்தையாகப் பேர் சொல்லிக் கூப்பிட, கம்பளிகள் கைமாறின. பதினைந்தாவது ஆள் நெருங்கும்போது பரிமலின் மனைவி ஸர்பாணி அவர் காதைக் கடித்தாள்.

"வாங்கினவங்களையே பந்தலுக்குப் பின்னாடி சுத்தி அனுப்புங்க. சால்வையை மாத்திப் போட்டா யாருக்குத் தெரியப்போகுது?"

எட்டு பேர் வரை அந்தத் தந்திரம் பலித்தது. ஒன்பதாவதாக வந்தது ஆறு வயதுப் பெண். ஹால்தார் பாபு ஆசையாக மைக்கை அவள் வாயருகே நீட்டினார்.

"இந்தத் தாத்தாக்கு இப்பத்தானே எங்கண்ணன் குடுத்தான்!" என்றது குழந்தை, பேட்டை முழுவதும் கேட்க.

ஹால்தார் பாபுவின் காது மடல்கள் சிவந்தன. "ஒருத்தருக்கு ஒரே கம்பளி! பரிமல், இது சங்கமா, சர்க்கஸா?"

இன்னும் ஒன்பது குழந்தைகள் கம்பளியோடு நின்றார்கள். ஹெட்மாஸ்டர் பார்வை முதல் வரிசைக்குத் திரும்பியது. "உக்காந்திருக்கறவங்க கம்பளி வாங்கணும். இல்லேன்னா லூச்சியைக் கீழ வெச்சுட்டு எழுந்திருக்கணும்."

லூச்சி அப்போதுதான் இலைக்கு வந்திருந்தது. ஏழு பேர் மானத்தை மடித்து வைத்துவிட்டுக் கை நீட்டினார்கள். கோஷால் பாபுவுக்குக் கொடுக்க வந்தது அவருடைய சொந்தப் பேரன்.

"தாத்தா, பத்திரமா வெச்சுக்கங்க. நாம ரெண்டு பேரும் போய்த்தானே கடையில வாங்கினோம்."

மிச்சம் இரண்டு குழந்தைகள். ஒன்று பேக்கரிக்காரர் மகன். இன்னொன்று புட்கி. நடுவில் சிறுமிகளின் பாட்டு ஒன்றை நுழைக்கச் சொல்லிவிட்டு, பரிமல் ஒரு கால் செருப்போடு பஸ் ஸ்டாப்புக்கு ஓடினார்.

அங்கே கடவுள் அனுப்பியதுபோல் ஒரு பெரியவர் நின்றிருந்தார். முழங்கையில் பிரிந்த ஸ்வெட்டர். குரங்குக் குல்லாவுக்குள் மூக்கும் கண்ணும் மட்டும் தெரிந்தன. போகிற வருகிற ஒவ்வொருவரையும் ஏக்கத்தோடு ஏற இறங்கப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கப் பாவமாக இருந்தது. பரிமலைப் பார்த்ததும் தானாகவே இரண்டடி முன்னால் வந்தார்.

"ஐயா, ரொம்பக் குளிருதோ?" என்றார் பரிமல்.

"உங்களுக்குக் குளிரலையா?" என்றார் பெரியவர்.

"என்னை விடுங்க. எங்க சங்கத்துல கம்பளி தர்றோம். ஒரு எட்டு வந்தீங்கன்னா..."

பெரியவர் எதையோ சொல்ல வாயைத் திறந்தார். மூடினார். பரிமலின் குருமா ஜிப்பாவையும் வெறுங்காலையும் பார்த்தார். "உங்க சங்கத்துலயா?"

"ஆமாங்க. குழந்தைங்க தன் கையால குடுக்கறாங்க. ஆள் குறையுது. என் பொண்ணு காலையிலேர்ந்து நிக்கறா. மாட்டேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

பெரியவரின் கண் கலங்கியது. "பொண்ணா? நடங்க, வர்றேன்" என்றார். பசியாக இருக்கும் என்று நினைத்த பரிமல், போனதும் முதலில் இரண்டு லூச்சி கொடுக்கவேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டார்.

பெரியவரை உட்காரவைக்கவும் பேக்கரிக்காரர் மகன் வரவும் சரியாக இருந்தது. பையன் கம்பளியைக் கொடுத்தான். பெரியவர் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பந்தலே கை தட்டியது. அடுத்த நாற்காலி காலியாக இருந்தது.

மேடைக்குக் கீழே புட்கி அந்தக் காலி நாற்காலியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. உதடு மட்டும் துடித்தது. பரிமலால் அதைத் தாங்க முடியவில்லை.

"ஸர்பாணி, அந்தக் குல்லாவைக் குடு."

பதினெட்டு டிகிரிக்கே புருஷன் தலையில் குரங்குக் குல்லாவை மாட்டுகிற ஊர் அது. எந்த மனைவியின் பையிலும் ஒன்று இருக்கும். ஸர்பாணி மறுபேச்சுப் பேசாமல் எடுத்துக் கொடுத்தாள். ஜக்தேவ் தன் அழுக்குச் சால்வையை உதறி அவர் தோளில் போர்த்தினான்.

"முதுகை இன்னும் கொஞ்சம் வளைங்க தாதா. ஆபீஸர் மாதிரி இருக்கீங்க."

பரிமல் தலையைத் தொங்கப்போட்டபடி காலி நாற்காலியில் போய் உட்கார்ந்தார். மைக் அலறியது. "கடைசியாக, நம் செயலாளரின் மகள், செல்வி புட்கி!"

சின்னக் கால்கள் நடந்து வந்து அவர் முன்னால் நின்றன. யானைப் படத்தோடு கம்பளி அவர் மடியில் இறங்கியது.

"தாத்தா, இது நானே வாங்கினது. தலையோட சேத்து இழுத்துப் போத்திக்கங்க. எங்கப்பா மாதிரி ஊர் வேலைன்னு பனியில சுத்தாதீங்க. அவருக்கு ராத்திரி இருமல் வரும். உங்களுக்கும் வந்துடும்."

குனிந்து அவர் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக அம்மாவிடம் ஓடினாள். கொடுத்த கையை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டே ஓடினாள். பரிமல் காலையிலிருந்து பட்ட பாடெல்லாம் கண் வழியாக வந்து குல்லாவை நனைத்தது. பெற்ற மகள் கையால் பிச்சை வாங்கியவன் இந்தப் பேட்டையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன் என்று நினைத்துக்கொண்டார்.

பக்கத்து நாற்காலிப் பெரியவர் மெல்ல அவர் பக்கம் சாய்ந்தார்.

"அழாதீங்க தம்பி, நான் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கத்துச் சங்கத்துச் செயலாளர், பஸ் ஸ்டாப்புல உங்களைப் பாத்ததுமே 'அப்பாடா, ஒரு ஏழை சிக்கினான்'னு நினைச்சேன், நீங்க முந்திக்கிட்டீங்க. மூணு மணிக்கு என் பேத்தி கம்பளி குடுக்கணும், மட்டனைத் தொட ஒரு ஆள் இல்ல, அந்தக் குல்லாவைக் கழட்டாம அப்படியே கிளம்பி வாங்க!"