செயின் இல்லாத வண்டி

எனக்கு மேடைப் பேச்சு வராது. ஆபீஸில் ஒருவர் ரிட்டயர் ஆனபோது நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். வயிற்று வலி என்று சொல்லிவிட்டு ஓடி வந்துவிட்டேன். ஆனால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் மூச்சு விடாமல் ஒப்பிக்கக்கூடிய சொற்பொழிவு ஒன்று என்னிடம் இருந்தது. என் தங்கையின் கல்யாணம் நிச்சயதார்த்த மண்டபத்திலேயே முறியப் பார்த்தது அந்தச் சொற்பொழிவால்தான்.

எல்லாம் ஒரு சைக்கிளால் வந்த வினை. எங்கள் வீடு ஊட்டி பெர்ன்ஹில்லில். அங்கே துவைத்துப் போட்ட துணியே மூன்று நாளைக்குக் காயாது, சைக்கிள் செயின் மட்டும் சும்மா இருக்குமா? துருப்பிடித்துத் தவளையாகக் கத்தும். எண்ணெய் விட்டால் பேண்ட் நாசம், விடாவிட்டால் காது நாசம். இந்த வெறுப்பில்தான் கோயம்புத்தூர்க் கடை ஒன்றில் சொல்லி வைத்து, ஒரு கிராவல் பைக்கை வரவழைத்தேன். தார் ரோட்டிலும் போகும், எஸ்டேட் மண் ரோட்டிலும் போகும். செயினுக்குப் பதிலாகப் பல் வைத்த கறுப்பு பெல்ட். கியரெல்லாம் பின்சக்கரத்தின் நடுவில் ஒரு டப்பாவுக்குள் அடங்கியிருக்கும். அழுக்குப் படாது, நாமும் தொட வேண்டாம். பராமரிப்பே கிடையாது என்பதுதான் அதன் பெருமை. (விலையைச் சொன்னால் இன்றைக்கும் வீட்டில் சண்டை வரும், விட்டுவிடுங்கள்.)

வண்டியை நிறுத்திய இடத்திலெல்லாம் ஒரே கேள்வி. டீக்கடையில், பெட்ரோல் பங்கில், ஏன், ஓடுகிற பஸ்ஸிலிருந்து தலையை நீட்டிக் கண்டக்டர்கூடக் கேட்டார்.

"ஏனுங்க, செயின் எங்கீங்க?"

அவ்வளவுதான், எனக்குச் சாமி வந்துவிடும். "செயினே கிடையாதுங்க! பெல்ட்டுங்க! துருப்பிடிக்காது, எண்ணெய் வேண்டாம், அந்து போகாது, வெயிட்டே இல்ல..." என்று ஆரம்பித்தால் எதிரே இருப்பவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போகும்வரை நிறுத்த மாட்டேன். மார்க்கெட்டில் இரும்புக்கடை வைத்திருக்கும் என் அப்பா மட்டும் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ரப்பர் வளையத்துல ஓடுற வண்டிக்கு இத்தனை பவுசா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். கடைக்காரர் இலவசமாகக் கொடுத்த ஸ்பேனரை நான் ஜன்னல் காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்து வைத்தேன். பின்சக்கரத்தைக் கழற்றுவது எப்படி என்று அவர் காட்டித் தர வந்தபோதுகூட, "பராமரிப்பே இல்லாத வண்டிக்கு அதெல்லாம் எதுக்குங்க?" என்று கேட்டவன் நான். அப்பேர்ப்பட்ட அறிவாளி.

இந்த லட்சணத்தில்தான் தங்கை சுகந்திக்கு மஞ்சூர் பக்கம் மாப்பிள்ளை அமைந்தது. டீ ஃபேக்டரி ஆபீஸில் வேலை பார்க்கும் சிவக்குமார். இதற்கு முன்னால் வந்த ஓர் இடம், காபி ஆறிப்போயிருக்கிறது என்று யாரோ சொல்ல, "உங்களுக்காகக் காத்திருந்து ஆறிப்போச்சுங்க" என்று நான் திருப்பிச் சொல்ல, அந்தக் காபியோடு போயிற்று. சுகந்தி அதற்கு வருத்தப்படவில்லை. ஆனால் சிவக்குமாரை அவளுக்கு நிஜமாகவே பிடித்திருந்தது. போன் மணி அடித்தால் வீட்டைச் சுற்றிக்கொண்டு தோட்டத்துக்கு ஓடுவாள். அதனால் அப்பா என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்.

"டேய், நீ நிச்சயத்துல வாயவே தொறக்க வேண்டாம். மாப்பிள்ளை கழுத்துல செயினைப் போடு, பேசாம உக்காரு. புரிஞ்சுதா?"

எங்கள் குடும்பத்தில் நிச்சயத்தன்று பெண்ணின் அண்ணனோ தம்பியோ மாப்பிள்ளை கழுத்தில் தங்கச் செயின் போட வேண்டும். மச்சினன் செயின் என்பார்கள். அந்தச் செயினின் கொக்கி வளைந்துபோய் நகைக்கடையில் சரிபார்க்கக் கொடுத்திருந்தோம். மண்டபம் குன்னூரில். எல்லோரும் விடிகாலையிலேயே வேனில் போய்விடுவது, கடை திறந்ததும் நான் செயினை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வந்து சேர்வது என்று ஏற்பாடு.

பஸ்ஸில் என்று அப்பா சொன்னது என் காதில் நன்றாகத்தான் விழுந்தது. ஆனால் மே மாதம், சீசன். நகைக்கடை வாசலிலிருந்து பார்த்தால் குன்னூர் ரோட்டில் டூரிஸ்ட் கார்கள் நகராமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. சைக்கிளில் போனால் இறக்கம்தானே, சந்து சந்தாகப் புகுந்து போய்விடலாம். (இன்னொரு காரணமும் உண்டு. மஞ்சூர்க்காரர்கள் அத்தனை பேரும் வாசலில் வண்டியைப் பார்த்து, "செயின் எங்கீங்க?" என்று கேட்பார்களே என்ற ஆசை.) செயினோடு வீட்டுக்கு ஓடினேன், வேட்டி சட்டையை முதுகுப் பையில் திணித்தேன், நகைப் பெட்டியை அதற்குள் பத்திரப்படுத்தினேன். உட்காருமிடத்தில் பஞ்சு வைத்துத் தைத்த, உடம்போடு ஒட்டிய கறுப்பு அரைக்கால் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

கேத்தி வரைக்கும் ராஜா நான்தான். நிற்கிற கார்களுக்கு நடுவே நான் மட்டும் சர்ரென்று போகிறேன், ஜன்னல்களிலிருந்து குழந்தைகள் கை காட்டுகின்றன. கேத்தி தாண்டிய வளைவில் பின்சக்கரத்தின் கீழே ஏதோ நறுக்கென்றது. இறங்கிப் பார்த்தால் ட்யூபில் காற்றடிக்கும் வாய் அடியோடு கிழிந்திருந்தது. ஒட்ட முடியாது, மாற்றத்தான் வேண்டும். மாற்று ட்யூப் பையில் இருக்கிறது. ஸ்பேனர் ஜன்னலுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு பெர்ன்ஹில்லில் இருக்கிறது.

இரும்புக்கடைக்காரர் மகனான நான் நடுரோட்டில் ஒரு ஸ்பேனருக்காகக் கார் காராகக் கையேந்தினேன். ஈரோட்டுக்காரர் ஒருவர் புண்ணியத்தில் நட்டு கழன்றது. ஆனால் கியர் கம்பி அந்த டப்பாவை விடமாட்டேன் என்கிறது. சக்கரம் வரவும் இல்லை, பழையபடி போகவும் இல்லை. டிராஃபிக்கில் சும்மா உட்கார்ந்திருந்த ஜனங்களுக்கு நல்ல பொழுதுபோக்கு. ஆளாளுக்கு இழுத்துப் பார்த்தார்கள். வேறு வழியில்லாமல் கோயம்புத்தூர்க் கடைக்குப் போன் போட்டேன். மெக்கானிக்கைக் கூப்பிடச் சொல்கிறோம், லைனிலேயே சொல்லித் தருவார் என்றார்கள்.

சிறிது நேரத்தில் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது.

"ஏனுங்க தம்பி, செயின் என்னாச்சுங்க?"

மெக்கானிக்கே இந்தக் கேள்வியைக் கேட்டதும் எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"செயினே கிடையாதுங்க! உங்களுக்கே தெரியாதுங்களா? பெல்ட்டுங்க!"

"பெல்ட்டுங்களா?"

"ஆமாங்க. இன்னும் செயினைக் கட்டிட்டு யாருங்க அழுவாங்க? அதெல்லாம் அந்தக் காலம்."

சிக்னல் போய்விட்டதோ என்று ஹலோ ஹலோ என்றேன்.

"இருக்கறனுங்க. அது எதுல செஞ்சதுங்க?"

"பாத்தா ரப்பராட்டந்தானுங்க இருக்கும். ஆனா செயினை விட நல்லா உழைக்கும்."

"வெயிட்டு?"

"வெயிட்டே இல்லீங்க! செயின்ல பாதிகூட வராது. அதுதானுங்க இதுல விசேஷமே."

"இது உங்கப்பாவுக்குத் தெரியுமுங்களா?"

இதெல்லாம் மெக்கானிக்குக்கு எதற்கு என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. ஆனால் எங்கள் பக்கத்து ஆட்கள் குடும்பத்தை விசாரிக்காமல் ஒரு நட்டைக்கூடத் தொட மாட்டார்கள்.

"அப்பாவுக்குச் சுத்தமாப் புடிக்கலீங்க. நானாத்தான் முடிவு பண்ணுனேன். அழுக்கானா ஒரு சொம்புத் தண்ணிய ஊத்திக் கழுவிக்கலாமுங்க."

"ரொம்ப சந்தோசமுங்க தம்பி," என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்துவிட்டார். சக்கரத்தைக் கழற்றுவது பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையே, என்ன மெக்கானிக் இவன் என்று நான் திட்டிக்கொண்டே மறுபடி கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

அப்போதுதான் பச்சைத்தேயிலை மூட்டைகளோடு ஒரு பிக்கப் வண்டி, ரோட்டை விட்டு எஸ்டேட் பாதைக்குள் திரும்பியது. குன்னூர் ஃபேக்டரிக்கு உள்வழியாகப் போகிறார்களாம். கையைக் காலைப் பிடித்து, சைக்கிளை மூட்டை மேல் ஏற்றினேன். முன்னால் இடமில்லாததால் நானும் மேலேயே ஏறி, சைக்கிளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். டிரைவர் கயிற்றைக் கட்டிக்கொண்டே சைக்கிளை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏனுங்க, செயின் எங்கீங்க?"

"செயினே கிடையாதுங்க, பெல்ட்டுங்க," என்று ஆரம்பித்தேன். அவர் பாதியிலேயே போய் வண்டியை எடுத்துவிட்டார். முதல் குழியில் வண்டி குதிக்க, பைக்குள்ளிருந்த நகைப் பெட்டி முதுகில் நறுக்கென்று குத்தியது.

செயின். ஐயோ, செயின்! வெயிட்டு எவ்வளவு என்று கேட்டாரே. அப்பாவுக்குத் தெரியுமா என்று கேட்டாரே. எந்த மெக்கானிக் அப்படிக் கேட்பான்?

அப்பாவுக்குப் போன் போட்டால் எஸ்டேட் பாதையில் சிக்னல் இல்லை. சுகந்தி தோட்டத்தில் நின்று போனில் சிரிக்கிற முகம்தான் கண் முன்னால் வந்தது. ஒரு காபியில் ஒரு சம்பந்தத்தைக் கெடுத்தேன், இப்போது ஒரு பெல்ட்டில் இதையும் கெடுத்துவிட்டேனே என்று தேயிலை மூட்டை மேல் உட்கார்ந்து நிஜமாகவே அழுதேன். (யாரும் பார்க்கவில்லை. சைக்கிள் பார்த்தது.)

பிக்கப் டிரைவர் வாசலிலேயே இறக்கிவிட, மண்டபத்துக்குள் நான் ஓடியபோது நாதஸ்வரம் நின்றிருந்தது. தலையெல்லாம் தேயிலை, இடுப்பில் பஞ்சு வைத்த அரைக்கால் சட்டை. அப்பா ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். எதிரே மாப்பிள்ளையின் பெரியப்பா வேலுச்சாமி, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றார். என் நம்பரை அம்மாவிடம் வாங்கிப் பேசிய புண்ணியவான் அவர்தான்.

"செயின் போடலீனா போகட்டுமுங்க, நாங்க கேக்கவே இல்லையே," என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "ஒரு பூமாலை போதுமுங்க. ஆனா ரப்பர்ல பெல்ட்டு வாங்கிப்போட்டு, வெயிட்டே இல்ல, கழுவிக்கலாமுன்னு எகத்தாளம் பேசறதுங்களா? எங்களப் பாத்தா எப்படித் தெரியுதுங்க?"

அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். "பாவி, மாப்பிள்ளைக்கு ரப்பர்ல என்னடா வாங்கீட்டு வந்த?"

நான் வாயைத் திறந்தேன். மணப்பெண் அறை வாசலில் சுகந்தி, அழுது வழிந்த மையோடு நின்றாள்.

"அண்ணா, நீ ஒரு வார்த்தை பேசுனா நான் உன்னைக் கொன்னுபோடுவேன்."

பேசவில்லை. பையைத் திறந்து பெட்டியை எடுத்து, பெரியப்பா கையில் கொடுத்தேன். அவர் திறந்தார். செயின் பளபளவென்று இருந்தது. அவர் அதைத் தூக்கிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் அரைக்கால் சட்டையைப் பார்த்தார்.

"அப்ப அந்த பெல்ட்டு?"

வாசலை நோக்கி விரலை நீட்டினேன். பெரியப்பா வெளியே நடந்தார், பின்னாலேயே மண்டபமும் நடந்தது. அங்கே சக்கரம் தொங்கிக்கொண்டு என் சைக்கிள் சுவரில் சாய்ந்திருந்தது. அவர் குனிந்து, கறுப்பு பெல்ட்டை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். இழுத்துப் பார்த்தார். முகர்ந்துகூடப் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி," என்றார். "இதுக்குச் செயின் எங்கீங்க?"

என் நெஞ்சு வரைக்கும் சொற்பொழிவு வந்துவிட்டது. சுகந்தியைப் பார்த்தேன். விழுங்கிவிட்டேன்.

முதலில் சிரித்தவர் சிவக்குமார்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு, பட்டு வேட்டி அவிழ்ந்துவிடும் போலச் சிரித்தார். அடுத்து சுகந்தி, மூக்கைத் துடைத்துக்கொண்டே. பெரியப்பா மட்டும் நிதானமாக எழுந்து துண்டால் கையைத் துடைத்தார்.

"சொன்னது அத்தனையும் நெசந்தானுங்க," என்று அப்பாவிடம் சொன்னார். "ரப்பராட்டம் இருக்குது, வெயிட்டே இல்ல. உங்க பையன் பொய் பேசற ஆளு இல்லீங்க. நேரமாச்சு, வாங்க உள்ள போலாம்."

அரைக்கால் சட்டைக்கு மேலேயே கசங்கிய வேட்டியைச் சுற்றிக்கொண்டு போய் மாப்பிள்ளை கழுத்தில் செயினைப் போட்டேன். குனிந்தபோது என் தலையிலிருந்து கொஞ்சம் தேயிலை அவர் சட்டைக் காலருக்குள் விழுந்தது. கல்யாண ஆல்பத்தின் முதல் படத்தில், மாப்பிள்ளை முதுகைச் சொறிந்துகொண்டு சிரிப்பார்.

சைக்கிள் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, நன்றாகவே ஓடுகிறது. ஸ்பேனர் இப்போது என் பையில் இருக்கிறது, ஜன்னல் அடித்துக்கொள்கிறது. யாராவது "செயின் எங்கீங்க?" என்று கேட்டால், "வீட்டுல இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவேன்.

போன மாதம் சுகந்தியின் மகனுக்குப் பேர் வைத்தோம். தாய்மாமன் முறைக்கு நான் வெள்ளியில் அரணாக்கொடி வாங்கிப் போயிருந்தேன். மஞ்சூர் சொந்தமெல்லாம் சுற்றி நிற்க, வீரிட்டு அழுத குழந்தையின் இடுப்பில் அதைக் கட்டிக் கொக்கியை மாட்டினேன். வேலுச்சாமி பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே வந்து, குழந்தையின் இடுப்பை வெகு நேரம் ஆராய்ந்தார்.

"கண்ணு, அழுவாத," என்று அவன் காதருகே சொன்னார். "உங்கொப்பனுக்குப் போடாத பெல்ட்டை உங்க மாமன் உனக்குப் போட்டுட்டாரு."