ஐந்து கிற்றாரும் ஒரு கல்யாணமும்

பத்து வருடமாக என் வாசிப்பில் யாரும் ஒரு பிழை கேட்டதில்லை. விட்ட பிழையையெல்லாம் அழித்துவிட்டுத்தான் அனுப்புவேன்.

என் தொழில் அப்படி. ஊர் ஊராக யார் யாரோ பாட்டுப் போடுவார்கள். கிற்றார் வருகிற இடத்தை மட்டும் நான் வாசித்து இணையத்தில் அனுப்புவேன். ரொக்கும் வாசிப்பேன், பைலாவும் வாசிப்பேன், சவர்க்கார விளம்பரமும் வாசிப்பேன். கல்லடியில் வாவிப் பக்கம் பார்த்த அறை, ஆனால் வாவி தெரியாது. சத்தம் வராமலிருக்க ஜன்னலில் மெத்தை சாத்தியிருக்கிறேன். ஒருமுறை வாழைச்சேனை பஸ்சில் நான் வாசித்த பாட்டே போனது. பெருமையாகப் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தேன். மனிதர் வாயைத் திறந்துகொண்டு நித்திரை.

அந்த அறைக்குள் வந்துபோன ஒரே ஆள் தங்கச்சி ஷாமினி. கட்டிலில் இருந்துகொண்டு கம்ப்யூட்டரில் பதிவுப் பொத்தானை அமத்துவது அவள் வேலை. நான் பிழை விட்டால் கையைத் தூக்கி, "திரும்ப எடுப்பம், முதல்ல இருந்து" என்பேன். அவளும் முகம் சுழிக்காமல் முதலிலிருந்து தொடங்குவாள்.

அவளுக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை கனடா. அப்பா அம்மா இல்லாத வீடு, மாதா கோவிலுக்குள் பீடம் வரைக்கும் அவளைக் கூட்டிக்கொண்டு போகவேண்டியவன் நான்தான். "மாமா கூட்டிக்கொண்டு வரட்டும், நான் உனக்கு வாசிக்கிறன்" என்று பெரிய கலைஞன் மாதிரிச் சொன்னேன். (உண்மை என்னவென்றால், கையைப் பிடித்துக் கொடுக்கும்போது அழுதுவிடுவேன் என்று பயம். கிற்றாருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம்.) அவள் "சாப்பிட்டியா அண்ணா?" என்று கதையை மாற்றினாள். அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

புளியந்தீவில் கோவில். காலையிலேயே போய் ஐந்து கிற்றார்களைத் தாங்கிகளில் நிறுத்தினேன். கடை போட்டது மாதிரி இருந்தது. மாமா வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன மனே, ஒரு பொண்ணுக்கு அஞ்சு கிற்றாரா?"

"ஒவ்வொண்டும் ஒவ்வொரு சத்தம் மாமா."

வாசலில் நைலோன் தந்திக் கிற்றார், அவள் பாதி வழி வந்ததும் எலெக்ட்ரிக் என்பது திட்டம். அறையில் கிற்றார் மாற்ற வேண்டுமென்றால் பதிவை நிறுத்திவிட்டு, தேத்தண்ணியும் குடித்துவிட்டு மாற்றுவேன். கோவிலில் மணப்பெண் நடந்துகொண்டே இருக்கிறாள். அவசரத்தில் எலெக்ட்ரிக்கைத் தோளில் மாட்டியபோது தந்தியில் விரல் பட்டு, பன்றி கத்தியது போல ஒரு சத்தம்.

பழக்கதோஷம். கையைத் தூக்கினேன். "ஸொறி. திரும்ப எடுப்பம், முதல்ல இருந்து."

மைக் என் வாய்க்கு நேரே இருந்தது.

கோவில் உறைந்துபோனது. அதைவிடக் கொடுமை, ஷாமினி பழக்கத்தில் சட்டென்று திரும்பி, மாமாவையும் இழுத்துக்கொண்டு வாசலுக்கே போய் நின்றுவிட்டாள்.

தோளில் கிடந்த எலெக்ட்ரிக்கிலேயே நான் முதலிலிருந்து வாசித்தேன். அவள் அசையவில்லை. மாமாவின் கையை மெதுவாக விட்டாள்.

"அண்ணா, நீ வா."

"பாட்டு?"

"பாட்டு வேணாம். நீ வா."

போனேன். கிற்றாரைக் கழற்றவேண்டும் என்ற எண்ணமே வரவில்லை. சனம் இருந்த மூன்றாவது வாங்கைத் தாண்டும்போது வயர் இழுபட்டு, தாங்கிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து, ஒலிபெருக்கி ஊளையிட்டது. மாமா ஓடிவந்து வயரைப் பிடுங்கினார். படார் என்று அதற்கும் ஒரு சத்தம்.

"இத அழிக்கேலா அண்ணா. நட" என்றாள், என் கையைப் பிடித்துக்கொண்டு. நான் பயந்த மாதிரியே அழுதேன். முழுக் கோவிலும் பார்த்தது. கல்யாணப் படத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் சிவப்பு எலெக்ட்ரிக் கிற்றார் இருக்கிறது.

இன்றைக்கும் மாமி சோற்றை அடிப்பிடிக்க விட்டால், மாமா கையைத் தூக்கி "திரும்ப எடுப்பம்" என்கிறார்.

பதிவுப் பொத்தானை இப்போது நானே அமத்துகிறேன். அமத்திவிட்டுக் கிற்றாரிடம் ஓடிவர வேண்டும், முதல் சுரம் எப்போதும் தவறிவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஷாமினி கனடாவிலிருந்து வீடியோவில் பேசுவாள். "சரி அண்ணா, வைக்கிறன்" என்பாள். நான் கையைத் தூக்குவேன்.

"சரி, திரும்ப எடுப்பம். முதல்ல இருந்து. அண்ணா, சாப்பிட்டியா?"

"ஓம், சாப்பிட்டன்" என்பேன், இரண்டாவது தடவையும்.

இரண்டு தடவையும் பொய்தான்.