கனிமக்காரரும் ஒரு துண்டு எலுமிச்சையும்

பாதையில் கல் கிடந்தால் பார்த்து நடக்கிறவர்கள் உண்டு. இடறிவிட்டுத் திட்டுகிறவர்களும் உண்டு. இவர்களால் யாருக்கும் தொந்தரவில்லை. நான் சொல்ல வந்தது மூன்றாவது இனத்தைப் பற்றி. கல்லைக் கண்டதும் நின்று, குனிந்து, எடுத்து, ஊதி, சட்டையில் துடைத்து, வெயிலில் இப்படியும் அப்படியும் திருப்பி, நாக்கு நுனியால் தொட்டுப் பார்த்துவிட்டு, "ம்ம்..." என்று மர்மமாக ஒரு சத்தம் எழுப்புவாரே, அவரைப் பற்றி. கனிமக்காரர் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். அவருக்குப் பின்னால் நடந்தால் முட்டிக்கொள்வீர்கள், ஏனென்றால் எந்த இடத்தில் நிற்கப் போகிறார் என்று அவருக்கே தெரியாது.

எனக்குத் தெரிந்த கனிமக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். வருகிறவர்களைச் சுவரிலுள்ள எழுத்தைப் படிக்கச் சொல்லிவிட்டு, அவர்கள் மோதிரக் கல்லை இவர் படித்துக்கொண்டிருப்பார். சட்டைப் பை எப்போதும் கனத்துத் தொங்கும். உள்ளே ஒரு பூதக்கண்ணாடி, ஒரு காந்தம், ஒரு பேனாக்கத்தி, உடைந்த டைல் துண்டு ஒன்று. நகம் பட்டுக் கீறல் விழுந்தால் மென்மையான கனிமம். நகம் தோற்றுக் கத்தி ஜெயித்தால் நடுத்தரம். கத்தியும் தோற்று, அந்தக் கல்லே கண்ணாடியைக் கீறிவிட்டால், "குவார்ட்ஸாத்தான் இருக்கணும்!" என்று துள்ளுவார். அவர் கடை அலமாரிக் கண்ணாடி ஏன் முழுக்கக் கீறலாக இருக்கிறது என்று இப்போது புரிகிறதா?

டைல் துண்டு எதற்கென்றால், அதன் சொரசொரப்பான முதுகில் கனிமத்தைத் தேய்த்தால் பொடி கோடாக விழும். மேல்நிறம் ஏமாற்றும், கோட்டின் நிறம் ஏமாற்றாது என்பது அவர் கட்சி. பக்கத்துக் கடைத் தையற்காரர் ஒரு நாள் தகதகவென்று மின்னும் கட்டி ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, கதவைச் சாத்திவிட்டு நீட்டினார்.

"சார், தங்கம்தானே?"

ஒரே தேய்ப்பு. கறுப்புக் கோடு.

"தங்கம்னா மஞ்சளா விழும். இது வெறும் இரும்பும் கந்தகமும். பைரைட்!" என்றார் நம்மவர், பரிசு விழுந்த செய்தியைச் சொல்கிற முகத்துடன். தையற்காரர் அதற்குள் மனதில் இரண்டு மாடி கட்டி முடித்திருந்தார். அது இடிந்த சத்தம் நம்மவர் காதில் விழவே இல்லை.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அவர் எதிரில் மறந்துபோய், "நல்ல கல்லு" என்று சொல்லிவிட்டீர்களோ, தொலைந்தீர்கள்.

"கல்லு வேற, கனிமம் வேற. கனிமம்னா அதுக்குன்னு ஒரு சேர்மானம் இருக்கணும், உள்ளே ஒரு ஒழுங்கு இருக்கணும். நாலு கனிமம் சேர்ந்து கிடந்தா அது கல்லு. இப்போ இந்தக் கேக்கு இருக்குல்ல, இது கல்லு. உள்ளே இருக்கிற திராட்சை கனிமம்."

கேக் செய்தவர் அவர் மனைவி. அந்த அம்மாள் தட்டோடு கேக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த அம்மாளுக்கு ஒரே தங்கை. ஏதோ ஒரு சில்லறை மனஸ்தாபத்தில் இரண்டு வருடமாக இருவருக்கும் பேச்சு இல்லை. அந்தத் தங்கை தானாகவே போன் செய்து, "புது வீட்டைப் பார்க்க வாக்கா" என்று கூப்பிட்டாள். அக்கா ஆனந்தத்தில் அழுதேவிட்டாள். புறப்படும்போது வாசலில் கணவரை நிறுத்தி, பையிலிருந்து காந்தம், கத்தி, டைல் எல்லாவற்றையும் பிடுங்கி வைத்தாள்.

"ஏங்க, அங்கே எதையும் சுரண்டக் கூடாது. நக்கக் கூடாது. கெஞ்சிக் கேக்கிறேன், இருக்கிறது ஒரே தங்கச்சி."

"நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்றார்.

புது வீட்டில் எல்லாம் நன்றாகத்தான் போனது. அக்காவும் தங்கையும் கையைப் பிடித்துக்கொண்டு அறை அறையாகச் சுற்றினார்கள். கூடத்தில் சகலை, பளபளக்கும் கறுப்புத் தரையைக் குதிகாலால் தட்டிக் காட்டினார்.

"அசல் கிரானைட்டு, சகலை. இருக்கிறதிலேயே ஒசத்தியானது வேணும்னு சொல்லி வாங்கினேன்."

நம்மவர் தரையைப் பார்த்தார். கிரானைட் என்றால் பல கனிமங்கள் புள்ளி புள்ளியாகத் தெரிய வேண்டாமா? புள்ளியைக் காணோம், வெள்ளை நரம்புதான் ஓடுகிறது. உதட்டைக் கடித்துக்கொண்டார். மனைவியின் முகத்தை நினைத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து மச்சினி ஜூஸ் கொண்டுவந்தாள். தம்ளர் விளிம்பில், அழகுக்காகச் செருகிய ஒரு துண்டு எலுமிச்சை.

பாவம், மனிதர் என்னதான் செய்வார்?

அடுத்த நிமிடம் அவர் தரையில் மண்டியிட்டு, எலுமிச்சையைப் பிழிந்துவிட்டு, காதைத் தரையோடு வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "நுரைக்குது! நுரைக்குது பாருங்க! மார்பிள், சகலை! கால்சைட்டு! கிரானைட்டுன்னா புளிப்புக்கு அசையாது. உங்களை நல்லா ஏமாத்திட்டாங்க!"

மச்சினி துணி கொண்டுவந்து துடைத்தாள். நுரை போனது. புளிப்பு பளபளப்பைத் தின்ற இடத்தில் மங்கலாக ஒரு வட்டம் நின்றது. மறுபடி துடைத்தாள். வட்டம் அப்படியே இருந்தது. சகலை உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வீடு திரும்பும் வழியில் நம்மவர் கேட்டார்: "நான் சொன்னது தப்பா?"

"தப்பா இருந்திருந்தா அந்தக் கறை தொடைச்சதும் போயிருக்குமே," என்றாள் மனைவி. அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். கண்டுபிடிக்கிறேன் என்று என்ன செய்துவிட்டோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போய் அந்தக் கூடத்தில் நின்றார். வட்டத்தின் மேல் ஒரு பூந்தொட்டி வைத்திருந்தார்கள். சகலை செய்தித்தாளை விட்டுத் தலையை எடுக்கவில்லை. நம்மவர் தொண்டையைக் கனைத்தார். வாழ்நாளில் தெரிந்தே ஒரு கனிமத்துக்குக்கூடத் தவறான பெயர் சொல்லாத மனிதர் அவர்.

"சகலை, அன்னிக்கு நான் அவசரப்பட்டுட்டேன். இது... இது கிரானைட்டுதான்."

செய்தித்தாள் இறங்கியது. "அதானே! ஒசத்தியான கனிமம்னு கடைக்காரன் சத்தியம் பண்ணினானே!"

நம்மவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். பல்லைக் கடித்தார். பத்து விரலையும் மடக்கினார். பலிக்கவில்லை.

"கிரானைட்டு கனிமம் இல்லை, சகலை. கல்லு."

மச்சினிதான் முதலில் சிரித்தாள். சிரித்துக்கொண்டே போனை எடுத்து, "அக்கா, அத்தான் வந்திருக்காரு. நீ ஏன் வரலை?" என்றாள்.

அவரைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். ஆனால் வெள்ளை நரம்பு, புள்ளி என்று நான் சொன்ன இடத்தில் சட்டென்று குனிந்து உங்கள் வீட்டுத் தரையை ஒரு பார்வை பார்த்தீர்களே, நான் கவனிக்கவில்லை என்று நினைத்தீர்களா? அப்படியே உட்காருங்கள். சமையலறையில் எலுமிச்சை இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.