மண்ணுக்கு ஞாபகம் உண்டா என்று கேட்பவர்

பெருங்கேள்விக்காரர் என்றொரு இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். சோதித்துப் பார்க்கக்கூடிய கேள்வி எதைக் கண்டாலும் இவருக்கு அது சின்னதாகப் படும். உடனே எடுத்து ஊத ஆரம்பிப்பார், எந்தச் சோதனையும் எட்டிப் பிடிக்க முடியாத உயரத்துக்கு அது போகும்வரை.

விழுப்புரத்துக் கல்லூரி ஒன்றில் தாவரவியல் பேராசிரியரான சுப்பராயலு இந்த இனத்தின் நல்ல மாதிரி. அவருடைய ஆய்வு மாணவி இளவரசி ஒரு கேள்வியோடு வந்து நின்றாள். மல்லாட்டைக்கு, அதாவது நிலக்கடலைக்கு, ஜிப்சத்தை விதைக்கும்போதே போட்டால் பருப்பில்லாத பொக்குக் காய் குறையுமா, பூத்தபின் மண் அணைக்கும்போது போட்டால் குறையுமா? திண்டிவனம் பக்கத்தில் சித்தப்பா வீரமுத்துவின் கொல்லை நிலம் இருக்கிறது. பாத்திக்குப் பாத்தி மாற்றிப் போட்டு, பிடுங்கி எண்ணினால் தெரிந்துவிடும். மழையும் பெய்திருக்கிறது. இந்த விதைப்புப் பட்டத்தை விட்டால் அவளுக்கு ஒரு வருடம் போச்சு.

சுப்பராயலு கண்ணாடியைக் கழற்றினார். கேள்வி பெரிதாகப் போகிறது என்று அர்த்தம்.

"இதுல இன்னாம்மா இருக்குது? எதை வாங்கிக்கணும், எதை வேணாங்கணும்னு மண்ணு எப்படி முடிவு பண்ணுது? அப்போ மண்ணுக்கு ஞாபகம் இருக்குதா? அதைக் கேளு!"

"அதை எப்படி சார் அளக்கறது?"

"அளக்க முடிஞ்சா அது கேள்வியா?"

சொன்னது அவருக்கே பிடித்துப்போய், இன்னொரு முறை சொன்னார். இத்தனை வருட உத்தியோகத்தில் அவர் சொன்ன எதையும் தப்பென்று எவராலும் காட்ட முடிந்ததில்லை. சரியென்றும்தான். ஆனால் அதை யார் கேட்டார்கள்?

இளவரசியின் போன் அடித்தது. வீரமுத்து பேசினால் ஸ்பீக்கர் தேவையில்லை. "ஈரம் காஞ்சிக்கினே போவுதும்மா. டிராக்டர்காரன் கத்துறான். உங்க சாரு இன்னாதான் சொல்றாரு? ஜல்தி சொல்லு!"

"இருங்க சித்தப்பா" என்றவள் சாரிடம் திரும்பினாள். "சார், எது நடந்தா நீங்க நினைச்சது தப்புன்னு ஒத்துப்பீங்க?"

சுப்பராயலுவின் முகம் மெல்ல மலர்ந்தது.

"அற்புதம்மா! அதையே தலைப்பா வெச்சுக்கோ."

இளவரசி போனைக் காதில் வைத்தாள். "ஓட்டச் சொல்லுங்க சித்தப்பா. ஒரு பாத்திக்கு ஜிப்சம் போடுங்க, அடுத்ததுக்கு மண் அணைக்கறப்போ போட்டுக்கலாம். இதோ பஸ் ஏறிட்டேன்." வாசலில் நின்று, "நான் கைடை மாத்திக்கிட்டு பரிமளா மேடம்கிட்ட போயிடறேன் சார்" என்றாள்.

சுப்பராயலு அவள் போவதை இரக்கத்தோடு பார்த்தார். பாவம், அறுவடை முடிந்தால் இந்தப் பெண்ணிடம் மிஞ்சப்போவது வெறும் ஒரு விடை.

சிரிக்காதீர்கள். நாட்டைப் பற்றியோ மருமகளைப் பற்றியோ நீங்களும் வருடக்கணக்கில் விடாமல் பிடித்திருக்கும் கருத்து ஒன்று இருக்குமே. எது நடந்தால் அது தப்பென்று ஒத்துக்கொள்வீர்கள்? 'ஆழமான கேள்விதான்' என்று சொல்லத்தானே வாயெடுத்தீர்கள்? வாருங்கள். சாருக்கு எதிரே நாற்காலி இப்போது காலியாகத்தான் இருக்கிறது.