விசில் நைனாவும் தெருமுனையும்

பிள்ளையார்பாளையத்தில் சாமி ஊர்வலத்தையே நிற்க வைத்த ஆள் ஒருத்தர்தான். எங்கள் தெரு விசில் நைனா.

நெய்வதற்கு முன் பட்டு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டுவோம். அதுதான் பாவு. அதைக் காப்பது நைனா வேலை. கழுத்தில் விசில். பாவைத் தாண்டக் கூடாது, அடியில் நுழையக் கூடாது, பாவு முடியும் தெருமுனையைச் சுற்றித்தான் வரவேண்டும். மாப்பிள்ளை காருக்கும் அதே சட்டம். நைனாவே தன் மாமியார் செத்த அன்றும் சுற்றித்தான் போனார்.

அவருக்குப் புராஸ்டேட் ஆபரேஷன் ஆனது. வீடு திரும்பியும் வெளிக்குப் போகவில்லை. முக்கக் கூடாது, குந்தக் கூடாது என்றார் டாக்டர். எதிர்வீடான எங்கள் வீட்டில்தான் உட்காரும் கக்கூஸ். மூத்திரப் பையை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு தினம் வருவார். வெறுமனே திரும்புவார்.

"இன்னா நைனா, ஆச்சா?" என்று தெருவே கேட்கும்.

"எங்கப்பா! உள்ளயே குடித்தனம் பண்ணிக்கினு கீது."

இன்றும் போகாவிட்டால் மறுபடி ஆஸ்பத்திரி. "குழாய் உட்டு எடுப்பாங்களாம்" என்றார். அப்போதுதான் அவர் பயந்து பார்த்தேன்.

அன்று காலை பாவு கட்டியிருந்தோம். நைனா வாசலில் வந்து நின்றார். வயிற்றில் கை. முகமெல்லாம் வேர்வை.

"வந்துடுச்சிடா!"

"அப்ப குனிஞ்சி வா நைனா!"

"பாவுக்கு அடியில மனுசன் பூர்றதா? நானே பூர்றதா?"

"சுத்தி வரதுக்குள்ள ஆயிடும் நைனா!" என்றாள் என் மனைவி.

"தெரியுதும்மா." அசையவில்லை.

அவரால் தெருமுனைக்குப் போக முடியாது. நான் கை காட்டினேன். முனையில் இருந்தவர்கள் கட்டை அவிழ்த்து, பாவைச் சுருட்டிக்கொண்டே ஓடி வந்தார்கள். தெருமுனை அவர் வாசலுக்கே வந்தது. அன்றைய வேலை போச்சு. யாரும் முணுமுணுக்கவில்லை.

நைனா முறைப்படி முனையைச் சுற்றினார். அந்த அவசரத்திலும் ஒரு ஸ்கூட்டரை ஊதி நிறுத்தினார். உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

எல்லாரும் எங்கள் வாசலில் கூடினோம்.

உள்ளிருந்து நீளமாய் ஒரு விசில்.

தெருவே கை தட்டியது.

நைனா இப்போது இல்லை. கடைசிவரை எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார். விசிலைக் கக்கூஸ் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவிட்டு உட்காருவார். அது அங்கேயே இருக்கிறது. பாவு கட்டும் நாளில் நான் எடுத்து ஊதுகிறேன். வண்டிகள் நிற்கின்றன. ஆனாலும் எல்லாரும் ஒரு தடவை எதிர்வீட்டு வாசலைப் பார்க்கிறோம்.