மாமனாருக்கு நான் போட்ட சரண்டர்

அரசு அலுவலகத்தில் பதினெட்டு வருஷம் குப்பை கொட்டியவனுக்கு எந்தப் படிவத்தையும் படித்துப் பார்க்கிற பழக்கம் இருக்காது. கையெழுத்து எங்கே என்று மட்டும்தான் கண் தேடும். அந்தத் திமிரில்தான் நான் என் மாமனாரின் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போட்டேன்.

அவருக்குத் திருமயம் பக்கம் ஒன்றரை ஏக்கர் கண்மாய்ப் பாசன வயல். விவசாயிகளுக்கு நாலு மாதத்துக்கு ஒருமுறை மத்திய அரசு போடும் இரண்டாயிரம் ரூபாய், ஊர் வழக்கில் 'கிசான் பணம்', அந்தத் தவணை அவருக்கு வரவில்லை. நெல் தூர் கட்டும் பருவம், யூரியா போட்டாக வேண்டும். அந்தப் பணத்தை நம்பித்தான் உரக்கடையில் மூட்டைக்குச் சொல்லி வைத்திருந்தார்.

"மாப்ள, நீங்க கவர்மெண்டுல இருக்கீங்க. என்னான்னு கொஞ்சம் பாருங்களேன்."

பார்த்தேன். செல்போனில் திறந்த இணையதளம் முழுக்க ஆங்கிலம். வரிசையாகக் கட்டங்கள். ஒரு கட்டத்தில் 'சரண்டர்' என்று இருந்தது.

அரசு ஊழியனிடம் அந்தச் சொல்லைச் சொல்லிப் பாருங்கள், நாக்கில் எச்சில் ஊறும். எடுக்காத விடுப்பை ஒப்படைத்துவிட்டு அதற்குச் சம்பளம் வாங்குவதற்கு எங்கள் பாஷையில் சரண்டர் என்று பெயர். சரண்டர் போட்டால் காசு வரும். (நடுவுல கொஞ்ச வருஷம் நிறுத்தி வச்சிருந்தாங்க. காய்ஞ்சு கெடந்தவன் நான்.) எனக்கு வராத சரண்டர் விவசாயிக்கு வருகிறதே என்று பொறாமைகூடப் பட்டேன்.

"மாமா, நீங்க சரண்டரே போடல. அதான் பணம் நிக்கிது."

"போட்டுருங்க மாப்ள."

கீழே நாலைந்து வரி எச்சரிக்கை மாதிரி என்னவோ இருந்தது. படிக்கவில்லை. கேட்டதற்கெல்லாம் 'ஆம்' அழுத்தினேன். தன் போனுக்கு வந்த ஓடிபியை மாமனார் ஏலம் விடுகிற குரலில் ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். உடனே திரையில் அவர் பெயர் போட்டு ஒரு சான்றிதழ் வந்தது. பணத்தோடு பாராட்டும் தருகிற அரசாங்கத்தை நினைத்து எனக்குப் புல்லரித்தது. கலரில் பிரிண்ட் எடுத்து லேமினேஷனும் போட்டுக் கொடுத்தேன். மாமியார் அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிக் குங்குமம் வைத்தார்.

ஒரு வாரமாகியும் பணம் வரவில்லை. சான்றிதழைக் கழற்றிக்கொண்டு இருவரும் வேளாண்மை அலுவலகம் போனோம். அங்கிருந்த அதிகாரி அதைப் படித்துவிட்டு எழுந்து நின்று மாமனாரைக் கும்பிட்டார்.

"இந்த உதவி எனக்கு இனிமே வேணாம்னு மனசார விட்டுக்கொடுத்திருக்கீங்க. பெரிய மனசுங்கய்யா."

நான் அவசரமாகக் கேட்டேன்: "திருப்பி வாங்க முடியாதாங்க?"

"செத்துட்டார்னு தப்பாப் பதிவானாக்கூட, உயிரோட இருக்கார்னு சான்று வச்சுச் சரி பண்ணிரலாம் சார். மனசார வேணாம்னவருக்கு எனக்குத் தெரிஞ்சு வழி இல்லைங்க."

இருவரும் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தோம். பெற்ற பிள்ளையாக இருந்தால் செருப்பு பறந்திருக்கும். மாப்பிள்ளையை என்ன சொல்வார், பாவம்! கடைசியில், "காப்பி சாப்பிடுறீங்களா மாப்ள?" என்றார். அதற்குப் பதில் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நேராக உரக்கடைக்கு ஓடினேன். சொல்லி வைத்த மூட்டையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த லோடு வருவதற்குள் பருவம் தப்பிவிட்டது. அந்த வருஷம் களத்தில் நெல்லைவிடப் பதர்தான் அதிகம். நான் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை.

இப்போது நாலு மாதத்துக்கு ஒருமுறை என் சம்பளத்திலிருந்து இரண்டாயிரம் போகிறது. ஒருமுறை தாமதமானபோது மாமனார் போன் செய்தார்: "மாப்ள, ஊருக்கெல்லாம் ஏறிருச்சு. நம்ம அரசாங்கத்துல இன்னும் ஏறலையே?"

அன்றிலிருந்து அந்த வீட்டில் எனக்கு 'அரசாங்கம்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. போன பொங்கலுக்கு வாசலில் நான் வண்டியை நிறுத்தும்போதே கொழுந்தியாள் உள்ளே பார்த்துக் கத்தினாள்:

"அப்பா, அரசாங்கம் வந்திருக்கு! போனை எடுத்து ஒளிச்சு வைங்க!"