வடிவாம்பாளின் நாற்பது நிமிடம்

ஜூன் 17, காலை ஒன்பது மணி பத்து நிமிடம். வரிசையில் இருநூற்றுப் பதினான்காவது இடம். பெயர் வடிவாம்பாள், இனம் நத்தை. இவ்வளவும் ஒரு காட்டில்தான் நடந்தது. எந்தக் காடு என்று கேட்பவர்கள், அலுவலகம் உள்ள ஏதோ ஒரு காடு என்று வைத்துக்கொள்ளலாம்.

வரிசை, தேர்வுக்குக் கூடுதல் நேரச் சான்றிதழ் வழங்கும் புங்கமரத்தடியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. வடிவாம்பாளும் அதை நோக்கித்தான் போனாள். ஆனால் வரிசை ஓரடி நகர்ந்தபோது அவள் ஒரு விரற்கடை நகர்ந்தாள். விழுந்த இடைவெளியில் பின்னால் நின்றவர்கள் வந்து நின்றுகொண்டார்கள். பத்து மணிக்கு அவள் இருநூற்று முப்பதாவது ஆள். சாப்பாட்டு வேளையில் கடைசி ஆள்.

அவளைத் தாண்டிப் போன பச்சோந்தி ஒருவர் நின்று விசாரித்தார்.

"உனக்கு எதுக்கும்மா கூடுதல் நேரம்?"

"மெதுவா நடப்பேன். உங்களுக்கு?"

"தேர்வுத் தாள் பக்கத்துல உட்கார்ந்தா அந்த நிறமாயிடறேன். ரெண்டு வருஷமா வரலைன்னு குறிச்சிட்டாங்க. நான் இருக்கேன்னு நிரூபிக்கவே அரை மணி நேரம் போயிடுது."

தன் நிலைமை எவ்வளவோ பரவாயில்லை என்று வடிவாம்பாளுக்குத் தோன்றியது.

அந்தக் காட்டில் பட்டம் முடித்தவர்கள் மேல்படிப்புக்கு மேல்மலைக் கழகத்துக்குத்தான் போக வேண்டும். அதற்கு ஒரு பொது நுழைவுத் தேர்வு உண்டு. எண்பது கேள்விகள், நூற்றிருபது நிமிடங்கள். கேள்விகளைப் பெரிய தேக்கிலையில் மேலிருந்து கீழாக அச்சிட்டுத் தருவார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு வட்டங்கள். சரியான வட்டத்தில் முள்ளாலோ அலகாலோ பல்லாலோ ஓட்டை போட வேண்டும்.

நத்தைக்குப் பல் ஆயிரக்கணக்கில் உண்டு. கால் ஒன்றுதான். வடிவாம்பாளின் சிக்கல் இந்த இரண்டு வாக்கியங்களில் அடங்கிவிடும். விடை தெரியும், விடை இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேருவதுதான் பெரும்பாடு. முதல் முறை எழுதியபோது முப்பத்தொன்றாவது கேள்வியில் மணி அடித்துவிட்டது. முப்பத்தொன்றும் சரி. இரண்டாம் முறை முப்பத்து மூன்று. அவையும் சரி. மூன்று முறைக்கு மேல் எழுத அனுமதி கிடையாது.

அவளுக்குப் பட்டம்கூடப் பெரிதில்லை. மேல்மலைதான் பெரிது. அங்கே வருடம் முழுக்கத் தூறல். கீழ்க்காட்டில் மாசி பிறந்தால் வெயில் கொளுத்தும். நத்தைகள் ஓட்டுக்குள் போய் வாசலை அடைத்துக்கொண்டு, மழை வரும்வரை நான்கு மாதம் தூங்க வேண்டும். போன வருடம் அவள் கண் விழித்தபோது, பக்கத்துப் புதர் வெட்டுக்கிளிக்குக் கல்யாணம் ஆகி, பேரன் பேத்தி எடுத்து, கருமாதியும் முடிந்திருந்தது. ஒன்றுக்கும் இவள் போகவில்லை. "ஒரு வார்த்தை சொல்லிட்டுத் தூங்கியிருக்கலாம்" என்று அந்தக் குடும்பத்தில் இன்னும் பேசுகிறார்கள்.

சும்மா மேல்மலைக்கு ஏறிப் போய்க் குடியிருக்கலாம் என்றால் அதுவும் முடியாது. உள்ளே கழக மாணவர்களுக்கு மட்டும்தான் இடம். மற்றவர்களை வாசலில் நிற்கும் காட்டுப்பன்றி திருப்பி அனுப்பிவிடும். வாசலுக்கு இந்தப் பக்கம் முழுக்கக் காய்ந்த பாறை.

எனவே இரண்டாம் தோல்விக்குப் பிறகு அவள் 'சிட்டாய்ப் பற' தனிப்பயிற்சி நிலையத்தில் சேர்ந்தாள். நடத்துபவர் அணில் தயாபரன். நேர மேலாண்மையில் பேர் போனவர். ஒரு வாக்கியத்தை ஆரம்பித்த கிளையில் அவர் முடித்ததில்லை.

"ரொம்ப சுலபம்க்கா. முதல் சுற்றுல எண்பது கேள்வியையும் ஒரு ஓட்டம் பார்த்துடுங்க. தெரிஞ்சதை மட்டும் போடுங்க. அப்புறம் மேல வந்து, விட்டதை எல்லாம் எடுங்க."

"மேல திரும்பி வரணுமா?"

"ஆமா."

"தம்பி, நீங்க போன வாரம் ஆரம்பிச்ச வகுப்புக்கு நான் இன்னைக்குத்தான் வந்து சேர்ந்திருக்கேன்."

தயாபரன் அடுத்த கிளைக்குத் தாவி யோசித்தார்.

"அப்ப ரெண்டாவது விதி. எந்தக் கேள்வி மேலயும் பாசம் வைக்காதீங்க. ஒன்றரை நிமிஷம் ஆச்சா, விட்டுட்டுப் போயிட்டே இருக்கணும். அப்புறம், உங்களுக்குக் கூடுதல் நேரம் உண்டுல்ல? அந்தச் சான்றிதழை வாங்கிடுங்க. ரெண்டு நிமிஷ வேலை."

அந்த இரண்டு நிமிட வேலைக்காகத்தான் அவள் இப்போது வரிசையில் நின்றாள்.

ஐந்து மணிக்கு அலுவலகத்தை மூடினார்கள். வந்தவர்கள் வீட்டுக்குப் போனார்கள். வடிவாம்பாள் போகவில்லை; வீடு முதுகிலேயே இருந்தது. அவள் பாட்டுக்கு ஊர்ந்துகொண்டிருந்தாள். மறுநாள் ஒன்பது மணிக்குக் குமாஸ்தா வந்து பார்த்தபோது வரிசையில் முதல் ஆள் அவள்தான். எல்லாரும் கிளம்புவதற்கு முன் கிளம்பிவிட்டால் மெதுவாகப் போகலாம் என்பதை வடிவாம்பாள் மனதில் குறித்துக்கொண்டாள்.

குமாஸ்தா ஒரு காக்கை. பெயர் பலவேசம்.

"என்னம்மா வேணும்?"

"கூடுதல் நேரச் சான்றிதழ் சார். நான் மெதுவா நடக்கிறவ."

"அதுக்கு அத்தாட்சி?"

"நேத்து காலைல வரிசையில நின்னேன். இன்னைக்குத்தான் உங்க முன்னாடி வந்திருக்கேன்."

"அது வரிசை மெதுவாப் போனதுக்கு அத்தாட்சி. நீ மெதுவாப் போனதுக்கு எங்க அத்தாட்சி?"

பலவேசம் ஒரு கல்லைக் காட்டினார். தூரத்தில் இன்னொரு கல்லையும் காட்டினார். இதிலிருந்து அதற்குப் போக வேண்டும். ஆகிற நேரத்தை அவர் குறித்துக்கொள்வார். அலுவலக நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும்.

ஐந்து மணி ஆனபோது அவள் முக்கால்வாசித் தூரம் போயிருந்தாள். பலவேசம் கோப்பை மூடினார். மறுநாள் முதல் கல்லிலிருந்து மறுபடி ஆரம்பிக்கச் சொன்னார். மறுநாளும் முக்கால்வாசி. அடுத்த நாள் விடுமுறை. அதற்கு மறுநாள் பலவேசம் விடுப்பு. இப்படியே ஆடி போய், ஆவணி போய், புரட்டாசியும் பாதி போயிற்று. கடைசியில் அவர் சலித்துப்போய், 'வேகம் கண்டறிய இயலவில்லை' என்று எழுதி முத்திரை குத்தினார்.

"அப்ப எனக்கு எதுவும் கிடைக்காதா சார்?"

"யாரு சொன்னா? மெதுவா நடக்கிறவங்களுக்கு இருபது நிமிஷம். வேகமே தெரியாதவங்களுக்கு நாப்பது."

"அது ஏன் சார் அப்படி?"

"தெரியாத விஷயத்துக்குக் கொஞ்சம் கூடவே குடுத்து வைப்போம். யாரு கணக்கு கேக்கப் போறா?"

நாற்பது நிமிடத்தை வாங்க மூன்றரை மாதம் ஆகியிருந்தது. அந்த மூன்றரை மாதமும் அவள் புத்தகத்தைத் திறக்கவில்லை.

அக்டோபர் 12 அன்று தேர்வு. வடிவாம்பாள் முதல் நாளே கிளம்பி, சாப்பிடாமல் கொள்ளாமல், சரியான நேரத்துக்கு மண்டபத்தை அடைந்தாள். கண்காணிப்பாளர் ஓணான் ஏகாம்பரம். ஓணான் என்றால் தலை ஆடும். அது சம்மதமா, பழக்கமா என்பது ஓணானுக்கே தெரியாது.

பதினாறு கேள்விகள் வரை நன்றாகத்தான் போயிற்று. பதினேழாவது கேள்வி இது: 'முப்பதடிக் கிணற்றுக்குள் இருக்கும் ஒரு நத்தை பகலில் மூன்றடி ஏறி, இரவில் இரண்டடி வழுக்கினால், எத்தனையாவது நாளில் வெளியே வரும்?'

வடிவாம்பாள் அங்கேயே நின்றுவிட்டாள். இது யார்? நம் சித்தப்பாவாக இருக்குமோ? அவரும் இப்படித்தான் ஒருநாள் காணாமல் போனார். பகல் முழுக்க வெறும் மூன்றடியா? உடம்புக்கு முடியவில்லையோ என்னவோ. வழுக்கும்போது யாரும் பார்க்கவில்லையா? எல்லாம் போகட்டும், கிணற்றுக்குள் குளுகுளுவென்று ஈரமாக இருக்கும்போது எந்த நத்தையாவது வெளியே வருமா? வா என்று சொன்னது யார்?

இருபத்தெட்டாவது நாள் என்ற விடையை அவள் கடித்தபோது, அந்த ஒரு கேள்விக்கே பதினெட்டு நிமிடம் போயிருந்தது. பாசம் வைக்கக் கூடாது என்று தயாபரன் சொன்னது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

இருபத்தொன்பதாவது கேள்வியில் மணி அடித்தது. இன்னும் ஐம்பத்தொன்று பாக்கி.

"நேரம் முடிஞ்சுது," என்றார் ஏகாம்பரம். "கூடுதல் நேரம் உள்ளவங்க தனி அறைக்குப் போகலாம்."

உள்ளவள் அவள் ஒருத்திதான். பச்சோந்தியும் எங்கேயாவது இருந்திருக்கலாம், தெரியவில்லை.

"தனி அறை எங்க சார்?"

"அதோ, நாவல் மரத்தடி. எட்டடிதான்."

வடிவாம்பாள் கணக்குப் போட்டாள். எட்டடிக்கு முப்பத்தொன்பது நிமிடம், வழியில் வேர் எதுவும் குறுக்கே வராவிட்டால்.

"சார், நான் போய்ச் சேரவே முப்பத்தொன்பது நிமிஷம் ஆயிடும்."

"அதுக்கப்புறமும் ஒரு நிமிஷம் இருக்கும்லம்மா."

"இங்கேயே உட்கார்ந்து எழுதிடறேனே."

"விதி பதினாலு. கூடுதல் நேரம் தனி அறையிலதான்."

"தனி அறைன்னா என்ன சார்? அதையும் எழுதியிருப்பாங்கள்ல?"

ஏகாம்பரம் விதிப்புத்தகத்தைப் புரட்டி வாசித்தார். "சுவரும் கூரையும் ஒரே ஒரு வாசலும் கொண்ட, வேறு தேர்வர் எவரும் இல்லாத இடம்."

வடிவாம்பாள் கழுத்தை வளைத்துத் தன் முதுகைப் பார்த்தாள். சுவர் இருந்தது. கூரை இருந்தது. வாசல் ஒன்றுதான். பிறந்ததிலிருந்து அவளைத் தவிர யாரும் உள்ளே வந்ததில்லை.

"இது தனி அறைதானே சார்?"

ஏகாம்பரம் தலையை ஆட்டினார். அவள் சட்டென்று உள்ளே போய்விட்டாள். அவள் வாழ்க்கையில் சட்டென்று செய்த காரியம் அது ஒன்றுதான்.

"இந்தாம்மா," என்று வெளியிலிருந்து குரல் வந்தது. "தாள் வெளிய கிடக்கு பாரு. விதி பதினைஞ்சு. தேர்வர் இருக்கிற அறையிலதான் தாளும் இருக்கணும்."

அவள் தலையை நீட்டித் தேக்கிலையைப் பற்றி இழுத்தாள். இலை அவளுடைய வீட்டைப்போல இருபது மடங்கு இருந்தது. மூலை மட்டும் வாசலில் நுழைந்து மடங்கியது. மேல்மலைத் தூறலையும், காய்ந்த பாறையையும், வெட்டுக்கிளியின் கருமாதியையும் ஒருமுறை நினைத்துப் பார்த்தாள். நேற்றிலிருந்து வயிற்றில் ஒன்றும் இல்லை என்பதும் நினைவுக்கு வந்தது. இலையை வீட்டுக்குள் கொண்டுபோக நத்தைக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும்.

கீழ் நுனியிலிருந்து ஆரம்பித்தாள். எண்பதாவது கேள்வி, எழுபத்தொன்பது, எழுபத்தெட்டு. ஒவ்வொன்றையும் வாசித்துவிட்டுத்தான் தின்றாள், நேர்மையானவள். எல்லாவற்றுக்கும் அவளுக்கு விடை தெரிந்திருந்தது. கேள்விக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தயாபரன் சொன்ன வேகத்தை அவள் எட்டியது அன்றைக்குத்தான்.

நாற்பதாவது நிமிடத்தில் ஏகாம்பரம் வந்து குனிந்து பார்த்தார்.

"மீதித் தாள் எங்கம்மா?"

"அறைக்குள்ளதான் சார் இருக்கு."

ஏகாம்பரம் தலையை ஆட்டிவிட்டு, இருபத்தொன்பது கேள்விகள் உள்ள துண்டை எடுத்துக் கட்டோடு வைத்துக் கட்டினார்.

வெளியே தயாபரன் வேலிக்கும் மரத்துக்குமாக ஓடிக்கொண்டிருந்தார்.

"எப்படிக்கா இருந்துச்சு கேள்வி எல்லாம்?"

"நல்லா இருந்துச்சு தம்பி. கொஞ்சம் துவர்ப்பு."

"சரி, வீட்டுக்குப் போய் ஓய்வெடுங்க. முடிவு வர நூறு நாள் ஆகும்."

"நான் மேல்மலைக்குக் கிளம்பறேன்."

"இப்பவேயா? இடம் கிடைக்கலைன்னா?"

"கிடைச்சா அஞ்சு நாளைக்குள்ள சேரணும். மூணு மைல் இருக்கு. அஞ்சு நாள்ல நான் அந்த வளைவைக்கூடத் தாண்ட மாட்டேன்."

"இல்லக்கா, கிடைக்கலைன்னா? மாசி வந்துடும். பாறையில காய்ஞ்சு போயிடுவீங்க."

மழை லேசாகப் பிடித்திருந்தது. போகிற வழி ஈரமாக இருந்தது. போய்க்கொண்டிருந்தாள்.

தாள்களைத் திருத்தியவர் மரங்கொத்தி கோதண்டம். ஓட்டைகளை எண்ணுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. வடிவாம்பாளின் தாளில் இருபத்தொன்பது ஓட்டைகள், இருபத்தொன்பதும் சரி. அதற்குக் கீழே தாளே இல்லை. விசாரணைக் குழு கூடியது. தாளைத் தேர்வர் தின்றுவிட்டார் என்றால் கண்காணிப்பாளர் மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும். ஏகாம்பரம் தேர்வுக் கட்டுப்பாட்டு அதிகாரிக்கு மைத்துனர் முறை. இலையே குட்டையாகத்தான் இருந்தது என்றால் தவறு தேக்கு மரத்தினுடையது.

மரத்திடம் விளக்கம் கேட்டு ஓலை அனுப்பினார்கள். மரம் பதில் சொல்லவில்லை. மௌனத்தை ஒப்புதலாக எடுத்துக்கொண்டு, மரத்தைக் கண்டித்து, இல்லாத ஐம்பத்தொரு கேள்விகளுக்கும் தேர்வருக்குக் கருணை மதிப்பெண் கொடுத்தார்கள். எண்பதுக்கு எண்பது. காட்டிலேயே முதலிடம். அன்று மாலையே 'சிட்டாய்ப் பற' நிலையத்தின் வாசலில், வடிவாம்பாள் இறக்கை விரித்துப் பறப்பதுபோல ஒரு பேனர் கட்டினார்கள்.

ஜனவரி 20, காலை ஒன்பது மணி பத்து நிமிடம். மேல்மலைக் கழகத்தின் வாசலில் காட்டுப்பன்றி முடிவுப் பட்டியலை விரித்தது. வரிசையில் முதல் இடம். பெயர் வடிவாம்பாள்.

அதே ஆண்டு மே 3 அன்று கீழ்க்காட்டில் கடும் வெயில். நத்தைகள் எல்லாம் தூங்கிக்கொண்டிருந்தன. அன்று பகல் பதினொரு மணிக்கு மேல்மலையில் நல்ல தூறல். மழையியல் முதல் தாள் வகுப்பில், இரண்டாவது வரிசையில், வடிவாம்பாளும் தூங்கிக்கொண்டிருந்தாள்.

நீதி: தேர்வில் நேரம் போதவில்லையென்றால் நேரம் கேட்டு வரிசையில் நிற்காதீர்கள், கேள்விகளைத் தின்றுவிடுங்கள். மற்றதற்கு மரம் பொறுப்பேற்கும்.